மெக்சிகோ சிட்டியில் எங்கே சாப்பிடலாம்?

மெக்சிகோ சிட்டிக்குப் போகிறவர்கள் எந்தக் கடை நல்ல கடை என்று கேட்டால், நான் முதலில் டோர்ட்டியா என்கிற மக்காச்சோள ரொட்டியைப் பார்க்கச் சொல்வேன். கறி, சாஸ், கூட்டம் எல்லாம் அப்புறம்தான். நகரத்தின் ரோமா, கொண்டேசா பகுதிகளில் ஆங்கில மெனுவும் அழகான விளக்குகளும் வைத்த கடைகள் நிறைய. அவற்றிலும் சில நன்றாகத்தான் இருந்தன. ஆனால் மனதில் நிற்கும் சாப்பாடு கிடைத்தது, கண்ணெதிரே மாவை அழுத்திக் கல்லில் போட்டுக்கொடுத்த இடங்களில்தான்.

மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, இரவெல்லாம் ஊறவிட்டு, கழுவி அரைக்கிறார்கள். சோளத்தின் தோல் கழன்றுவிடும், மாவு பிரியாமல் சேர்ந்து நிற்கும், அதிலுள்ள நயாசின் சத்தும் உடம்பில் சேரும். ஐரோப்பாவுக்குச் சோளம் போனது, இந்தச் சுண்ணாம்பு வித்தை போகவில்லை. சோளத்தையே நம்பிச் சாப்பிட்ட ஏழைகள் அங்கே நயாசின் குறைவால் வரும் பெலக்ரா நோயில் விழுந்தார்கள். இதைத் தெரிந்துகொண்ட பிறகு, சூடான டோர்ட்டியாவை முகர்ந்தால் வரும் அந்த மண்வாசனைக்கு என்னிடம் தனி மரியாதை.

சான் ரஃபேல் பகுதியில் எல் கலிஃபா தெ லியோன் என்று ஒரு கடை. 1968-இல் தொடங்கியது. உட்கார இடம் கிடையாது, மெனுவில் நாலே வகை டாக்கோ, அதாவது கறி வைத்த டோர்ட்டியா. 2024-இல் சிறந்த உணவகங்களுக்குத் தரும் மிச்லின் நட்சத்திரம் கொடுத்தார்கள். அங்கேயும் டோர்ட்டியாவை அப்போதே அழுத்திச் சுடுகிறார்கள். சின்ன மெனு நல்ல அடையாளம் என்று நான் நம்புவதற்கு இந்த மாதிரிக் கடைகள்தான் காரணம்.

அடுத்தது நேரம். கம்பியில் சுட்டுச் சீவிய பன்றிக்கறி வைக்கும் அல் பஸ்தோர் டாக்கோவுக்கு இருட்டிய பிறகு போங்கள். லெபனானிலிருந்து குடியேறியவர்கள் கொண்டுவந்த ஷவர்மாதான் இங்கே பன்றிக்கறிக்கு மாறியது. கூட்டமுள்ள கடையில் கம்பியில் சுழலும் கறி வெந்த கையோடு சீவப்பட்டுவிடும். ஆளில்லாத கடையில் அது காய்ந்துகொண்டே நிற்கும். பர்பகோவா என்கிற ஆட்டுக்கறி வார இறுதிக் காலைக்கு. மதியம் இரண்டு மணிவாக்கில் என்றால் கொமீதா கொர்ரீதா என்று பலகை வைத்த சின்னக் கடைக்குள் நுழையுங்கள். சூப், சோறு, ஒரு குழம்பு, பழத்தண்ணீர் எல்லாம் ஒரே விலையில். அலுவலக ஆட்கள் வந்து உட்காரும் இடம் அது, ருசி குறைந்தால் மறுநாள் வர மாட்டார்கள்.

சால்சா என்கிற காரச் சாஸை மட்டும் முதலில் ஒரு சொட்டு தொட்டுப் பாருங்கள். ஹபனேரோ மிளகாய் நம் ஊர்க் காரத்தில் வளர்ந்த நாக்கையும் விடாது.

சைவக்காரர்கள் சந்தை ஓரத்தில் நீலச்சோள மாவில் த்லகோயோ சுடும் அம்மாக்களைத் தேடுங்கள். உள்ளே பீன்ஸ் மசியல், மேலே கள்ளித்துண்டும் பாலாடைக்கட்டியும். பீன்ஸைப் பன்றிக்கொழுப்பில் தாளிப்பதும் உண்டு. அதனால் "சின் மாந்தேகா?" என்று கேட்டு, கொழுப்பு சேர்க்கவில்லை என்று உறுதியான பிறகு வாங்குங்கள்.