மழைமானியும் அன்னா மணியும்

2024 நவம்பர் 29, வெள்ளி
கடலூர்

புயல் கரையைத் தொடும் முன்பே மஞ்சக்குப்பத்தில் மழை பிடித்துக்கொண்டது. கொல்லையில் இருக்கும் மழைமானியைக் காலை 8.30 மணிக்குப் பார்ப்பது அத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்காத வேலை. அளவுக் குவளையைச் சமமான இடத்தில் வைத்து, கண்ணை நீர்மட்டத்துக்கு இறக்கி, ஓரத்தில் ஏறி நிற்கும் நீரை விட்டுவிட்டு நடுவே குழிந்திருக்கும் அடிமட்டத்தைத்தான் படிக்க வேண்டும் என்பார். நான் நின்றபடியே 14 மில்லிமீட்டர் என்றேன். அவர் குனிந்து பார்த்து 13.2 என்று எழுதச் சொன்னார்.

பணியில் இருந்த காலம் முழுவதும் ஓர் அலுவலகத்தில் இப்படித்தான் அவர் அளந்திருக்கிறார். பதிவேட்டில் கையொப்பம் மட்டும் வேறொருவருடையது.

2024 டிசம்பர் 1, ஞாயிறு

நேற்றிரவு ஃபெஞ்சல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. அங்கே ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியிருக்கிறது. இத்தகைய எண்களை நாம் நம்பிப் பேசுவதற்கு வழி செய்தவர்களில் ஒருவரான அன்னா மணியின் பெயரை, நான் இயற்பியல் சொல்லித்தரும் மாணவியரில் ஒருவர்கூடக் கேள்விப்பட்டதில்லை என்பது எனக்குத் தாங்க முடியாத வருத்தம்.

மின்சாரம் இல்லாததால் மெழுகுவத்தி வெளிச்சத்தில் அத்தைக்கு அவரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். 1918-இல் பீர்மேட்டில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, பெங்களூரில் சி. வி. ராமனின் ஆய்வகத்தில் வைரங்களின் ஒளிர்வை ஆராய்ந்து, ஐந்து ஆய்வுக் கட்டுரைகளும் வெளியிட்ட அவர், 1945-இல் அளித்த ஆய்வேட்டுக்கு, முதுகலைப் பட்டம் இல்லை என்ற காரணத்தால் முனைவர் பட்டம் கிடைக்கவில்லை. அதன்பின் லண்டன் சென்று வானிலைக் கருவிகளைப் பற்றிப் படித்துத் திரும்பி, 1948-இல் புனேயில் வானிலைத் துறையில் சேர்ந்தார். எளிய கருவிகளுக்கும் வெளிநாட்டை எதிர்பார்த்திருந்த நிலையில், ஏறத்தாழ 100 கருவிகளுக்கான வரைபடங்களைத் தரப்படுத்தி, அவற்றை இங்கேயே செய்யத் தொடங்கியதில் அவர் பங்கு பெரிது. தவறான அளவீட்டைவிட அளவீடே இல்லாதது மேல் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது இந்தப் பிடிவாதம்தான்.

“பட்டத்தைப் பிறகாவது கொடுத்தார்களா?” என்று அத்தை கேட்டார். இல்லை என்றேன். வெகுநேரம் அவர் ஒன்றும் பேசவில்லை.

2024 டிசம்பர் 5, வியாழன்

தென்பெண்ணை வெள்ளத்தில் உறவினர் வீடுகளில் சேறு புகுந்துவிட்டதால் மூன்று நாள் எழுத முடியவில்லை. இன்று காலை அத்தை மழைமானியின் புனலில் அடைந்திருந்த வேப்பிலைச் சருகுகளை எடுத்துக் கழுவினார். 200 சதுர சென்டிமீட்டர் வாயுள்ள புனலில் 1 மில்லிமீட்டர் மழை என்பது 20 மில்லிலிட்டர் நீர்தான். ஒரு சருகு தடுத்தாலும் கணக்குக் கெட்டுவிடும் என்றார். பள்ளி திறந்ததும் இந்தக் கருவியோடு அத்தையையும் வகுப்புக்கு அழைத்துப் போகிறேன். வருவதற்கு அவர் ஒரே ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார்: பிள்ளைகள் ஒவ்வொருவரும் குனிந்து பார்த்துத்தான் அளவு சொல்ல வேண்டுமாம்.