மாமனாரின் கடலோர ஆய்வுப் பயணம்

சிங்கப்பூரின் கடலோர நடைபாதைகள் எளிதானவை என்பதில் எனக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. பெரும்பாலும் சமதளம், பல இடங்களில் நிழல், ஆங்காங்கே கழிப்பறை, தொலைந்து போக ஆசைப்பட்டாலும் விடாத அம்புக்குறிப் பலகைகள் என்று எல்லா வசதியும் உண்டு. தள்ளுவண்டியில் பச்சைக்குழந்தையைத் தள்ளிக்கொண்டு போகிறவர்கள் கூட நம்மை முந்திச் செல்வார்கள். இவற்றில் கடினமாக அமையக்கூடியது உடன் நடப்பவர் மட்டுமே. எனக்கு அப்படி அமைந்தவர், தமிழ்நாடு நெடுஞ்சாலைத் துறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் மாமனார்.

மாமாவும் அத்தையும் நாகப்பட்டினத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். மருத்துவர் நாள் தவறாமல் நடக்கச் சொல்லியிருப்பதால், எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கைச் சுற்றிச் சுற்றி வருவதைவிடக் கடற்கரைப் பக்கம் அழைத்துச் செல்லலாம் என்று யோசனை சொன்னவள் என் மனைவி. அழைத்துச் செல்லும் பொறுப்பு மட்டும் எப்படி என் தலையில் விழுந்தது என்பது இன்றுவரை விளங்கவில்லை.

முதல் சிக்கல் நேரத்தால் வந்தது. மாமா விமானத்திலேயே கைக்கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னுக்குத் தள்ளி வைத்துவிட்டார். ஐந்து மணிக்கு எழுவது அவருடைய வாழ்நாள் வழக்கம். ஆகவே நாகப்பட்டினத்தில் இரண்டரை மணியாக இருக்கும்போது, நெற்றி நிறைய விபூதியும் காலில் புதிய காலணியுமாக எங்கள் வரவேற்பறையில் தயாராக உட்கார்ந்திருந்தார். இங்கே ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஏழு மணிக்குத்தான் பொழுது விடியும். 1982 ஜனவரி 1 முதல் சிங்கப்பூர் தன் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே நகர்த்தி, மலேசியாவோடு ஒத்துப்போகச் செய்துகொண்டதும் அதற்கு ஒரு காரணம் என்று நான் விளக்கினேன். "சூரியன் ஏழு மணிக்குத்தான் டூட்டிக்கு வருதா? எங்க ஆபீஸா இருந்தா லேட்டுனு சிவப்பு மையால எழுதியிருப்பேன்" என்று சொல்லிவிட்டு, இருட்டிலேயே மின்தூக்கியை நோக்கி நடந்தார்.

முதலில் போனது லாப்ரடோர் பூங்காவுக்கு. வட்ட ரயில் பாதையில் அதே பெயருடைய நிலையத்தில் இறங்கினால், பக்கத்திலேயே பெர்லேயர் ஓடையை ஒட்டிய அலையாத்திக் காட்டுப் பலகைப்பாதை தொடங்குகிறது. 960 மீட்டர் நீளம். நிதானமாக நடந்தாலும் இருபது நிமிடம் போதும் என்று நினைத்திருந்தேன். அத்தை பிச்சாவரத்தைப் பார்த்தவர் என்பதால் அலையாத்தி மரங்களுக்கு அவரிடம் பெரிய மரியாதை கிடைக்கவில்லை. சேற்றில் தத்தித் தத்திப் போன மீனை மட்டும் சற்று நேரம் நின்று பார்த்தார். மாமாவோ மரத்தையும் பார்க்கவில்லை, மீனையும் பார்க்கவில்லை. பலகைகளின் இடைவெளியைக் குனிந்து பார்த்தார், கைப்பிடியைத் தட்டிப் பார்த்தார், திருகாணிகள் துருப்பிடித்திருக்கின்றனவா என்று விரலால் தடவிப் பார்த்தார். துரு இல்லாதது அவருக்குச் சிறிது ஏமாற்றமாகவே இருந்தது என்பது என் ஊகம்.

அவருடைய முகம் மலர்ந்தது, கடலோரத்தில் நிற்கும் டிராகன் பல் பாறையின் மாதிரியைக் கண்டபோதுதான். துறைமுகத்தின் மேற்கு வாயிலில் முற்காலத்தில் மாலுமிகளுக்கு அடையாளமாக நின்ற பாறை அது. சீனர்கள் அதை லாங் யா மென் என்று அழைத்தார்கள். கப்பல்கள் வந்துபோக வழி அகலமாக வேண்டும் என்பதற்காக 1848இல் அரசாங்க நில அளவையாளர் ஜான் தாம்சன் என்பவர் அதை வெடிவைத்துத் தகர்த்தார். இப்போது அங்கே நிற்பது 2005இல் வைத்த மாதிரி. மற்றவர்கள் ஐயோ பாவம் என்று பெருமூச்சு விடும் இடத்தில், மாமா அந்த ஆங்கிலேய அதிகாரியைத் தம் துறைக்காரராகவே கருதிப் பூரித்துப் போனார். "ஒரு ஆபீசர், கொஞ்சம் வெடிமருந்து, வேலை முடிஞ்சுது பாருங்க மாப்பிள்ளை! எங்க புறவழிச்சாலைக்குக் குறுக்க நின்ன ஒரு புளியமரத்தை எடுக்க நாங்க எத்தனை வருஷம் கோர்ட்டுக்கு அலைஞ்சோம் தெரியுமா?" என்று தொடங்கியவர், புளியமரத்தின் வழக்கு வரலாற்றைக் கீழமைநீதிமன்றத்திலிருந்து உயர்நீதிமன்றம் வரை சொல்லி முடிப்பதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது.

சாங்கிக்குப் போனபோது அவர் கையில் ஒரு மஞ்சள் நிற அளவுநாடா இருந்தது. தெம்பனீஸிலிருந்து 29ஆம் எண் பேருந்தில் சாங்கி வில்லேஜுக்குப் போய் இறங்கினால், சாங்கி முனைக் கடலோர நடைபாதையை அடைய அதிகம் நடக்க வேண்டியதில்லை. மொத்தம் 2.2 கிலோமீட்டர்தான் என்றாலும் அதை ஆறு பகுதிகளாகப் பிரித்து ஆளுக்கொரு பெயர் வைத்திருக்கிறார்கள். அவற்றில் அழகானது கேலோங் நடை. கடலுக்குள் கம்புகளை நட்டு அதன்மேல் மேடை கட்டி மீன்பிடிக்கும் இடத்தைக் கேலோங் என்பார்கள். அதைப் போலவே கடல்நீருக்கு மேலே தூண்களின்மீது மரப்பாதை அமைந்திருக்கிறது. எதிரே புலாவ் உபின் தீவு, அதற்கு அப்பால் ஜோகூர், தலைக்கு மேலே அவ்வப்போது சிறகோசையோடு பறக்கும் இருவாச்சிகள். இத்தனைக்கும் நடுவே, மாமா மண்டியிட்டு உட்கார்ந்து ஒரு பலகையின் அகலத்தை அளந்துகொண்டிருந்தார்.

நான் தலைகுனிந்து, அவரோடு வராதவனைப் போலக் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போது மெதுவோட்டமாக வந்த வயதான சீனர் ஒருவர் நின்றார். ஏதாவது கேட்பார், மன்னிப்புச் சொல்லலாம் என்று நான் வாயைத் திறப்பதற்குள், அவர் குனிந்து நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். மாமாவுக்குச் சீனம் தெரியாது. அவருக்குத் தமிழ் தெரியாது. இருவரின் ஆங்கிலமும் எண்களோடு நின்றுவிட்டது. ஆயினும் பலகையைத் தட்டி, காதை வைத்துக் கேட்டு, தூணை எட்டிப் பார்த்து, இருவரும் ஒருமனதாகத் தலையசைத்தார்கள். அந்தப் பெரியவரும் கட்டுமான வேலை பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும். இல்லையென்றால் உலகத்தில் இப்படிப்பட்டவர்கள் இருவர் இருக்கிறார்கள் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. விடைபெறும்போது அவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். "நல்ல வேலைதான்னு சர்டிபை பண்ணிட்டார்" என்று மாமா எனக்கு மொழிபெயர்த்தார்.

அடுத்து உபின் தீவு. சாங்கி முனைப் படகுத்துறையில் 12 பேர் சேர்ந்தால்தான் படகு புறப்படும். நாங்கள் போனபோது எங்களையும் சேர்த்துப் பத்துப் பேர்தான் இருந்தோம். காத்திருப்பது மாமாவின் இயல்பில் இல்லாததால், அவர் துறையின் வாசலுக்குப் போய், அந்தப் பக்கம் வந்தவர்களையெல்லாம் "கம், கம், டூ சீட், டூ சீட்" என்று நாகப்பட்டினம் பேருந்து நிலையத்துச் சிற்றுந்து நடத்துநரைப் போல அழைக்கத் தொடங்கினார். நாசி லெமாக் சாப்பிட உணவங்காடி நிலையத்துக்கு வந்த ஓர் இளம் தம்பதி, தீவுக்குப் போகும் எண்ணமே இல்லாதவர்கள், எப்படியோ எங்கள் படகில் ஏறிவிட்டார்கள்.

தீவின் கிழக்குமுனையில் உள்ள செக் ஜாவா ஈரநிலம் ஒரு காலத்தில் மண்ணிட்டு மேடாக்கப்படுவதாக இருந்தது. ஆர்வலர்களும் பொதுமக்களும் எடுத்துச் சொன்னதால் 2001ஆம் ஆண்டின் இறுதியில் அந்தத் திட்டத்தைத் தள்ளிவைத்தார்கள். 2007இல் பலகைப்பாதை திறக்கப்பட்டது. நாங்கள் சென்றபோது வற்றம். கடல் வெகுதூரம் உள்ளே போய், மணலும் கடற்புல்லும் வெளியே கிடந்தன. எல்லோரும் ஆவலோடு எட்டிப் பார்க்க, அத்தை மட்டும் நின்ற இடத்திலேயே நின்று, "தண்ணி ஏங்க இவ்வளவு உள்ள போயிருக்கு? வாங்க, திரும்பிடலாம்" என்றார். 2004 டிசம்பருக்குப் பிறகு, கடல் பின்வாங்குவதை வேடிக்கை பார்க்கும் மனநிலை நாகப்பட்டினத்துக்காரர்களுக்கு இருக்காது. அங்கே ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டரைத் தாண்டாது, இங்கே அது மூன்று மீட்டர் வரை போகும் என்று என் மனைவி ஓத அட்டவணையைக் கைத்தொலைபேசியில் காட்டிய பிறகே அவர் அடியெடுத்து வைத்தார்.

கடலைச் சமாளித்த அத்தையால் காட்டுப்பன்றியைச் சமாளிக்க முடியவில்லை. நடந்து முடித்துவிட்டு, ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, மிளகாய்ப்பொடி தடவிய இட்லிப் பொட்டலத்தை அவர் நெகிழிப்பையிலிருந்து எடுத்தார். பை சரசரத்ததுதான் தாமதம், புதரை விலக்கிக்கொண்டு ஒரு பெரிய பன்றி வந்தது. அதன் பின்னால் முதுகில் வரிவரியாக நான்கு குட்டிகள். தாக்கவும் இல்லை, உறுமவும் இல்லை. எதிரே நின்று மூக்கை உயர்த்தி, பந்தியில் அடுத்த வரிசைக்குக் காத்திருப்பவரைப் போலப் பொறுமையாகப் பார்த்தது. அத்தை கைகூப்பி, "வராகமூர்த்தி மாதிரியே வந்திருக்கு, ஒரே ஒரு இட்லி வைக்கட்டுமா?" என்றார். காட்டு விலங்குக்கு உணவு கொடுத்தால் முதல்முறையே 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம் என்று நான் சொன்னேன். மாமா மனத்துக்குள் ரூபாயாகப் பெருக்கினார். "மூணு லட்சத்துக்கு மேல வருது. ஒரு இட்லிக்கா? எடுத்து உள்ள வை!" என்று அவர் போட்ட சத்தத்தில் ஒரு குட்டி மட்டும் இரண்டடி பின்வாங்கியது. தாய் அசையவில்லை.

கண்ணெதிரே பசியோடு ஓர் உயிர் நிற்கும்போது தான் சாப்பிடுவதில்லை என்பது அத்தையின் கொள்கை. ஆகவே பன்றி வர முடியாத இடம் ஒன்று தேவைப்பட்டது. அங்கே ஜெஜாவி கோபுரம் என்று 20 மீட்டர் உயரக் காட்சிக் கோபுரம் ஒன்று உண்டு. முழங்கால் வலியைக் காரணம் காட்டி எங்கள் புளோக்கில் ஒரு மாடிகூடப் படியேற மறுத்தவர், பொட்டலத்தை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, அந்தக் கோபுரத்தின் உச்சிவரை எங்கேயும் நிற்காமல் ஏறிவிட்டார். மரங்களின் தலைக்கு மேலே நின்றபடி நாங்கள் இட்லியைச் சாப்பிட்டோம். குரங்குகளுக்குப் படியேறத் தெரியும் என்பதை நான் அப்போது சொல்லவில்லை.

திரும்பி வரும் படகில், சிங்கப்பூர்த் தீவைச் சுற்றி 150 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு தொடர்பாதை அமைந்து வருவதையும், அதில் கிழக்குப் பக்கத்து 75 கிலோமீட்டர் முடிந்துவிட்டதையும் என் மனைவி வாய்தவறிச் சொல்லிவிட்டாள். மாமா அளவுநாடாவைத் துடைத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "முடிஞ்ச வரைக்கும் பார்த்துடுவோம் மாப்பிள்ளை, மிச்சத்தை அடுத்த தடவை வரும்போது வச்சுக்கலாம்" என்றார். நான் அத்தையை நோக்கி உதவிக்குத் திரும்பினேன்.

"எழுபத்தஞ்சு கிலோமீட்டர்னா எத்தனை ஈடு இட்லி வேணும்னு மட்டும் இப்பவே சொல்லிடுங்க. அரிசி ஊறப் போடணும்" என்றார் அத்தை.