பிரித்தானியாவில் ஸ்பான்சர் லைசென்ஸ் வாங்கிய அனுபவம்: விண்ணப்பத்துக்கு முந்தைய மூன்று வாரம்

வெளிநாட்டிலிருந்து ஓர் எஞ்சினியரை வேலைக்கு எடுப்பதற்கு முன்னால், பிரித்தானிய ஹோம் ஆஃபிஸ் (உள்துறை அமைச்சகம்) வேலை கொடுக்கும் நிறுவனத்தைத்தான் முதலில் சோதிக்கிறது. இந்த நிறுவனம் உண்மையில் இயங்குகிறதா, இந்த வேலை உண்மையில் இருக்கிறதா, வருகிறவரைக் கண்காணிக்க ஆளும் ஏற்பாடும் உண்டா என்று பார்க்கிறார்கள். அதில் தேறிய நிறுவனத்துக்கு, வெளிநாட்டவரை எடுக்கக் கொடுக்கும் அனுமதிதான் ஸ்பான்சர் லைசென்ஸ். எங்களுடையது சிறு நிறுவனம். 2026 தொடக்கத்தில் விண்ணப்பித்தோம். கீழே உள்ள தொகைகள் அப்போது இருந்தவை. கட்டணங்கள் பெரும்பாலும் ஏப்ரலில் மாறும், அதனால் பணம் கட்டும் அன்று அரசுத் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

முதலில் வேலையைப் பாருங்கள், லைசென்ஸ் பிறகு. 2025 ஜூலை 22 முதல் ஸ்கில்ட் வொர்க்கர் (திறன் பணியாளர்) விசாவுக்குப் பட்டப்படிப்பு நிலை வேலையாக இருக்க வேண்டும். அரசின் விலக்குப் பட்டியல்களில் உள்ள சில வேலைகளுக்கு மட்டும் விலக்கு. லண்டன் பக்கம் நம் உணவகக்காரர்கள் பலர் சமையல்காரருக்காக லைசென்ஸ் எடுக்கலாமா என்று இன்னும் கேட்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து புதிதாகச் சமையல்காரரை எடுக்கும் வழி அந்தத் தேதியோடு மூடிவிட்டது. பராமரிப்புப் பணியாளருக்கும் அப்படியே. இதைச் சொல்லாமல் கட்டணம் வாங்கிக்கொள்ளும் ஆலோசகரிடம் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

சம்பளக் கணக்கில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். பொது வரம்பு ஆண்டுக்கு 41,700 பவுண்டு. அரசுப் பட்டியலில் ஒவ்வொரு தொழில் குறியீட்டுக்கும் (தொழில் வகைக்கான எண்) தனியாக ஒரு சந்தைச் சம்பளம் இருக்கிறது. இரண்டில் எது அதிகமோ அதைக் கொடுக்க வேண்டும். பட்டியலில் போட்டிருக்கும் சந்தைச் சம்பளம் வாரத்துக்கு 37.5 மணி நேர வேலைக்கானது. உங்கள் ஒப்பந்தத்தில் 40 மணி நேரம் என்று இருந்தால் அந்தத் தொகையை 37.5-ஆல் வகுத்து 40-ஆல் பெருக்குங்கள். கணக்கு எளிதாக வர, பட்டியலில் 50,000 என்று வைத்துக்கொள்வோம். 40 மணி நேரத்துக்கு அது 53,333 பவுண்டாகிவிடும். 51,000 கொடுக்கிறோம், வரம்பைத் தாண்டிவிட்டோம் என்று நினைக்கிறவருக்கு இந்த இடத்தில் 2,333 பவுண்டு குறைகிறது. இதற்கு மேல், மணிக்கு 17.13 பவுண்டுக்குக் குறையக் கூடாது என்ற விதியும் உண்டு. புதிதாகப் படிப்பை முடித்தவர் போன்ற சிலருக்கு 33,400 என்ற குறைந்த வரம்பு பொருந்தலாம். ஆனால் அந்தத் தகுதியைக் காகிதத்தில் காட்ட வேண்டியிருக்கும்.

அடுத்தது ஆவணங்கள். விண்ணப்பம் ஆன்லைனில்தான், அரை நாளில் நிரப்பிவிடலாம். ஆனால் அனுப்பிய நாளிலிருந்து 5 வேலைநாளுக்குள், கையெழுத்திட்ட சப்மிஷன் ஷீட்டும் (விண்ணப்பத்தோடு வரும் உறுதிப் படிவம்) துணை ஆவணங்களும் மின்னஞ்சலில் போய்ச் சேர வேண்டும். விண்ணப்பித்துவிட்டுத் தேடலாம் என்று இருந்தால் அந்த 5 நாள் போதாது. நாங்கள் மூன்று வாரத்துக்கு முன்பே எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் சேர்த்து வைத்தோம். பெரும்பாலான நிறுவனங்களுக்குக் குறைந்தது நான்கு ஆவணங்கள் தேவை. வங்கி அறிக்கை, வாட் (மதிப்புக் கூட்டு வரி) பதிவுச் சான்று, ஹெச்எம்ஆர்சி-யில் (வரித்துறை) முதலாளியாகப் பதிந்த சான்று, அலுவலகக் குத்தகை, ஆண்டுக் கணக்கு, பணியாளர் காப்பீடு ஆகியவைதான் பொதுவாகக் கொடுக்கப்படுபவை. தொடங்கி 18 மாதம் ஆகாத நிறுவனமென்றால் வங்கிக் கணக்கின் சான்று கட்டாயம்.

காப்பீட்டுச் சான்றை ஒரு வரி விடாமல் படியுங்கள். தொகை குறைந்தது 50 லட்சம் பவுண்டாக இருக்க வேண்டும், காப்பீடு தருகிறவர் அங்கீகாரம் பெற்றவராக இருக்க வேண்டும். எங்கள் சான்றில் இரண்டும் சரி. ஆனால் நிறுவனப் பெயரின் இடத்தில் கடைப்பலகைப் பெயர் மட்டும் அச்சாகியிருந்தது, முகவரியும் பழையது. கம்பெனிஸ் ஹவுஸ் (நிறுவனப் பதிவகம்) பதிவில் ஒன்று, குத்தகையில் ஒன்று, காப்பீட்டில் ஒன்று என்று இருந்தால், படிக்கிற அதிகாரிக்கு அவை மூன்று நிறுவனங்களாகத்தான் தெரியும். தரகரிடம் திருத்தச் சொல்லி, புதுச் சான்று கையில் வந்த பிறகுதான் பணம் கட்டினோம். அதற்கே நான்கு நாள் பிடித்தது. 5 வேலைநாள் கெடு ஓடிக்கொண்டிருக்கும்போது இது நடந்திருந்தால் எங்கள் கையில் மிஞ்சியிருப்பது ஒரே நாள்.

பொறுப்பாளர்களாக மூன்று இடங்களை நிரப்ப வேண்டும்: ஆதரைசிங் ஆஃபிஸர், கீ கான்டாக்ட் (ஹோம் ஆஃபிஸோடு தொடர்புகொள்பவர்), லெவல் 1 யூசர். மூன்றுக்கும் ஒருவரையே போடலாம். ஆதரைசிங் ஆஃபிஸர் ஆள் சேர்ப்புக்குப் பொறுப்பான மூத்தவராக இருக்க வேண்டும். எது நடந்தாலும் கேள்வி அவரிடம்தான் வரும். லெவல் 1 யூசர்தான் தினமும் ஹோம் ஆஃபிஸின் ஸ்பான்சர் கணினி அமைப்பில் வேலை செய்கிறவர். லெவல் 1 யூசர்களில் ஒருவராவது நிறுவனத்தின் பணியாளராகவோ இயக்குநராகவோ இருந்து, பிரித்தானியக் குடிமகனாகவோ நிரந்தர வசிப்புரிமை பெற்றவராகவோ இருக்க வேண்டும். விசாவில் இருக்கும் ஒரு மானேஜரை மட்டும் நம்பி விண்ணப்பித்தால் இந்த இடத்தில் தடுக்கும்.

ஆவணங்களோடு ஒரு விளக்கக் கடிதமும் போகும். வேலையின் பெயர், தொழில் குறியீடு, கடமைகள், சம்பளம், யாருக்குக் கீழ் வேலை, ஏன் இந்த ஆள் தேவை, இதுவரை எப்படித் தேடினீர்கள் என்றெல்லாம் எழுத வேண்டும். உள்நாட்டில் விளம்பரம் கொடுத்தே ஆக வேண்டும் என்ற பழைய சோதனை 2020 டிசம்பர் 1-ஆம் தேதியோடு போய்விட்டது. ஆனாலும் விளம்பரம் கொடுத்திருந்தால் அதன் ஸ்கிரீன்ஷாட், வந்த விண்ணப்பங்கள், நேர்காணல் குறிப்பு எல்லாவற்றையும் வைத்திருங்கள். கடமைகளை அரசுப் பட்டியலிலிருந்து அப்படியே நகலெடுத்து ஒட்டாதீர்கள். அந்த ஆள் திங்கட்கிழமை காலை வந்து எதைத் தொடுவார் என்று எழுதுங்கள். ஐந்து பேர் உள்ள நிறுவனத்தில் ‘துறைத் தலைவர்’ பதவி என்று எழுதினால், பணியாளர் வரைபடத்தைப் பார்த்ததும் சந்தேகம் வரத்தான் செய்யும்.

சிறு நிறுவனத்துக்கு விண்ணப்பக் கட்டணம் 574 பவுண்டு, பெரியவற்றுக்கு 1,579. பெரும்பாலான விண்ணப்பங்களுக்கு 8 வாரத்துக்குள் பதில் வரும். இடையில் கூடுதல் ஆவணம் கேட்டு மின்னஞ்சல் வந்தால் அதற்கும் சில நாள்தான் அவகாசம். ஸ்பேம் ஃபோல்டரைத் தினமும் பாருங்கள். பொறுப்பாளர் விடுமுறையில் போவதாக இருந்தால் தள்ளிப்போடச் சொல்லுங்கள். அதிகாரிகள் அலுவலகத்துக்கு நேரிலும் வரலாம், சொல்லாமலும் வரலாம். மறுத்துவிட்டால் மேல்முறையீடு கிடையாது. பெரும்பாலும் 6 மாதம் காத்திருந்துதான் மறுபடி விண்ணப்பிக்க முடியும். முன்கூட்டியே இத்தனை சரிபார்த்தது இதற்காகத்தான்.

லைசென்ஸ் வந்ததும் வேலை முடிந்துவிடாது. ஒவ்வோர் ஆளுக்கும் தனியாக ஒரு ஸ்பான்சர்ஷிப் சான்று, எல்லோரும் சொல்வதுபோல் ‘சிஓஎஸ்’, வேண்டும். வெளிநாட்டில் இருப்பவருக்கு ‘டிஃபைன்ட்’ வகை. ஆளைக் குறிப்பிட்டு அப்போதைக்கப்போது கேட்க வேண்டும். ஏற்கனவே பிரித்தானியாவில் இருந்து விசா மாற்றுகிறவருக்கு ‘அன்டிஃபைன்ட்’ வகை. வகையை மாற்றிக் கொடுத்தால் விசா நிராகரிக்கப்படும். சான்றுக்கு 525 பவுண்டு. அதோடு இமிக்ரேஷன் ஸ்கில்ஸ் சார்ஜ் (வெளிநாட்டவரை எடுப்பதற்கு நிறுவனம் அரசுக்குக் கட்டுவது), சிறு நிறுவனத்துக்கு ஆண்டுக்கு 480. மூன்று ஆண்டுக்கு 1,440. ஆக, முதல் ஆளுக்கு லைசென்ஸையும் சேர்த்து 2,539 பவுண்டு நிறுவனத்தின் கையிலிருந்து போகிறது.

நிறுவனத்தின் கையிலிருந்து என்பதை அழுத்தியே சொல்கிறோம். ஸ்கில்ஸ் சார்ஜைப் பணியாளரிடம் வாங்க எப்போதுமே அனுமதி இருந்ததில்லை. 2024 டிசம்பர் 31 முதல் லைசென்ஸ் செலவையும் சான்றுக் கட்டணத்தையும் அவர் தலையில் கட்டக் கூடாது. கட்டினால் லைசென்ஸே பறிபோகும். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்துகொண்டு ‘சிஓஎஸ்-க்கு இத்தனை லட்சம்’ என்று யாராவது கேட்டால், அந்தப் பணத்தைக் கொடுக்காதீர்கள். விசாக் கட்டணமும் சுகாதாரக் கட்டணமும் பணியாளரே கட்டலாம். நாங்கள் அவற்றையும் நிறுவனச் செலவில் போட்டோம்.

சான்றைக் கொடுக்கும் நாளில் பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். நம் ஆட்களின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் காலியாக இருப்பது சகஜம், அந்த இடத்தில்தான் குழப்பம் வரும். கையிருப்புப் பணத்துக்கு நிறுவனம் பொறுப்பேற்கிறது என்ற கட்டத்தை டிக் செய்யாவிட்டால், பணியாளர் 1,270 பவுண்டைத் தன் கணக்கில் 28 நாள் வைத்திருந்து காட்ட வேண்டும். சான்று கொடுத்த மூன்று மாதத்துக்குள் அவர் விசாவுக்கு விண்ணப்பித்தாக வேண்டும். இந்தியா, இலங்கை ஆகிய இரு நாட்டினருக்கும் காசநோய்ச் சோதனைச் சான்று வேண்டும். 2026 ஜனவரி 8 முதல் ஆங்கிலத் தேர்வு பி2 நிலைக்கு உயர்ந்திருக்கிறது. இவை இரண்டுக்கும் நேரம் ஒதுக்கி, வேலை தொடங்கும் தேதியைத் தள்ளியே போடுங்கள்.

அவர் வந்து சேர்ந்ததும், வேலையில் உட்காருவதற்கு முன்பே ஷேர் கோடை (வேலை உரிமையைக் காட்ட அவர் ஆன்லைனில் எடுக்கும் குறியீடு) வாங்கி வேலை உரிமையை ஆன்லைனில் சரிபார்த்து, அந்தப் பக்கத்தைத் தேதியோடு சேமியுங்கள். அனுமதியில்லாமல் தொடர்ந்து 10 வேலைநாள் வராவிட்டாலும், சம்பளம் குறைந்தாலும், வேலையிடம் மாறினாலும் 10 வேலைநாளுக்குள் கணினி அமைப்பில் தெரிவிக்க வேண்டும். நிறுவன முகவரியோ உரிமையோ மாறினால் 20 வேலைநாள். இந்தக் கெடுக்களை ஒரு தாளில் எழுதி, சம்பளப் பட்டியல் போடுகிறவரின் மேசைக்கு எதிரே ஒட்டியிருக்கிறோம். சம்பளமோ வருகையோ மாறினால் முதலில் தெரிவது அவருக்குத்தான்.