சரிங்கய்யா

குற்றத்தை ஒப்புக்கொள்ள வந்தவர் நீதிமன்றத்தில் சொன்னது "சரிங்கய்யா." மொழிபெயர்ப்பாளரான நான் ஆங்கிலத்தில் சொன்னது "யெஸ், யுவர் ஆனர்." 2017இல் நடந்தது. அதைக் கேட்ட நீதிபதி ஓய்வுபெற்றுவிட்டார். அவருடைய நாற்காலியில் இப்போது வேறொருவர் இருக்கிறார். நான் இன்னும் அந்த இரண்டு பதில்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கலிபோர்னியாவில் குற்றத்தை ஒப்புக்கொள்ள வருபவரிடம் நீதிபதி வரிசையாகச் சில கேள்விகள் கேட்பார். ஜூரி விசாரணை கேட்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா? சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யும் உரிமையை? பேசாமல் இருக்கும் உரிமையை? தெரிந்தும் மனமுவந்தும்தான் ஒப்புக்கொண்டார் என்பது பதிவில் தெரிய வேண்டும் என்று 1969இல் பாய்கின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. இந்தக் கேள்விகளுக்கு அடிப்படை அதுதான். கடைசியில் குடிமக்கள் அல்லாதவர்களுக்கான எச்சரிக்கை வரும். மாநிலத் தண்டனைச் சட்டத்தின் 1016.5ஆம் பிரிவு சொல்லச் சொல்வது: நீங்கள் குடிமகன் இல்லையென்றால் இதனால் நாடுகடத்தப்படலாம், மீண்டும் நாட்டுக்குள் வர அனுமதி மறுக்கப்படலாம், குடியுரிமை மறுக்கப்படலாம்.

என் பக்கத்தில் நின்றவர் ஒரு சமையல்காரர், ஐம்பதைத் தாண்டியவர். கூடத் தங்கியிருந்தவரோடு கைகலப்பு. சின்ன வழக்குதான். ஆளை அடையாளம் தெரியக் கூடாது என்று சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். முதல் கேள்விகளுக்கெல்லாம் "ஆமாங்கய்யா" என்றார். எச்சரிக்கையைப் படித்துவிட்டு நீதிபதி "புரிகிறதா?" என்று கேட்டபோது தலையைப் பக்கவாட்டில் மெல்ல ஆட்டி "சரிங்கய்யா" என்றார்.

நம்முடைய தலையாட்டல் பழகாதவர்களுக்கு அது 'இல்லை' போலவும் தெரியும். நான் 'யெஸ்' சொல்லி முடித்துவிட்டேன். நீதிபதியோ அவருடைய தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் என் பக்கம் திரும்பினார். "மேடம் இன்டர்ப்ரெட்டர், அவருக்குப் புரிந்ததா?"

"அதை மொழிபெயர்ப்பாளர் சொல்ல இயலாது, யுவர் ஆனர்" என்றேன்.

நீதிமன்றத்தில் எங்களை நாங்களே அப்படித்தான் சொல்லிக்கொள்வோம். அங்கே என் வாயில் வரும் 'நான்' எப்போதும் இன்னொருவருடைய 'நான்'. நீதிபதி தலையசைத்தார். எச்சரிக்கையை முதலிலிருந்து, இன்னும் நிதானமாக, திரும்பப் படித்தார். நானும் திரும்பச் சொன்னேன். "சரிங்கய்யா." "யெஸ், யுவர் ஆனர்." ஒப்புதல் ஏற்கப்பட்டது. அடுத்த வழக்கின் எண்ணைக் கூப்பிட்டார்கள்.

விதிப்படி நான் செய்தது சரி. இதில் எனக்குச் சந்தேகமில்லை. ஒருவர் மனதுக்குள் என்ன புரிந்தது என்று சாட்சி சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. அப்படி ஒருமுறை சொல்லிவிட்டால், நாளைக்கு வேறொரு மொழிபெயர்ப்பாளர் பாதி தெரிந்த பேச்சுவழக்கை வைத்துக்கொண்டு "புரிந்தது" என்பார், ஓர் ஆள் சிறைக்குப் போவார். கூட்டுவது கிடையாது, குறைப்பது கிடையாது, அறிவுரை சொல்வது கிடையாது. பயிற்சியில் முதல் நாளே சொல்லிக்கொடுத்தது இதைத்தான். புதிதாக வருபவர்களுக்கு இன்றைக்கும் நான் இதைத்தான் சொல்கிறேன்.

ஆனால் அந்த 'யெஸ்'?

நம் ஊரில் 'சரி' என்பது எத்தனையோ விதம். புரிந்தது என்பதும் சரிதான். கேட்டுக்கொண்டேன் என்பதும் சரிதான். நீங்கள் பெரியவர், சொன்னால் ஏற்றுக்கொள்கிறேன் என்பதும், போதும், சீக்கிரம் முடித்து விடுங்கள் என்பதும் சரிதான். அதற்கு ஆங்கிலத்தில் பக்கத்தில் வருகிற சொல் 'ஓகே' அல்லது 'ஆல்ரைட்'. அப்படிச் சொல்லியிருந்தால் அந்த நீதிபதி கட்டாயம் நிறுத்தியிருப்பார். "ஓகே என்றால் என்ன? புரிந்ததா, இல்லையா?" என்று கேட்டிருப்பார். அவர் அப்படிப்பட்ட ஆள். நான் 'யெஸ்' என்றேன். முந்தைய பதில்கள் எல்லாம் ஆமாம் என்றே வந்திருந்தன, அந்த ஓட்டத்தில் வந்துவிட்டது. அதாவது, அவருக்குப் புரிந்ததா என்ற கேள்விக்கு நான் ஏற்கெனவே பதில் சொல்லியிருந்தேன். சொல்லிவிட்டு, அதே கேள்வியை நீதிபதி நேராகக் கேட்டபோது, சொல்ல எனக்கு இயலாது என்றேன்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. பேச்சின் தரத்தை மாற்றக் கூடாது என்பதும் எங்கள் விதி. நீதிபதி சட்ட ஆங்கிலத்தில் சொன்னால் நானும் சட்டத் தமிழில் சொல்ல வேண்டும். ஆகவே "நாடுகடத்தப்படலாம், அனுமதி மறுக்கப்படலாம்" என்றே சொன்னேன். "திருப்பி அனுப்பிருவாங்க, ஊருக்குப் போனா மறுபடி உள்ள விடமாட்டாங்க" என்று சொல்லவில்லை. அது என் வேலை இல்லை. மொழிபெயர்ப்பு பிழையில்லாத மொழிபெயர்ப்பு. வானொலிச் செய்தியைக் கேட்பதுபோல அவர் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார்.

அறையைவிட்டு வெளியே வந்ததும் நடைவழியில் என்னிடம் கேட்டார்: "ஏம்மா, அப்ப தீபாவளிக்கு ஊருக்குப் போயிட்டு வந்துரலாம்ல?"

இதை எழுதலாமா என்று நிறைய நாள் யோசித்தேன். வக்கீலிடம் கேளுங்கள் என்றேன். அதையும் விதிதான் சொல்லச் சொல்கிறது. வக்கீல் அதற்குள் அடுத்த வழக்குக்குப் போய்விட்டிருந்தார். அவர் வெளியே வரும்வரை நான் அங்கேயே நின்றேன். எனக்குச் சம்பளம் அரை நாளுக்கு, அது முடிந்துவிட்டிருந்தது. நின்றதைப் பெரிதாகச் சொல்லவில்லை. நின்றேன் என்பது மட்டும் இப்போது கொஞ்சம் ஆறுதலாக இருக்கிறது. நாடுகடத்தல் ஆபத்தைக் கட்சிக்காரருக்குச் சொல்லியாக வேண்டியது வக்கீலின் கடமை என்று 2010இல் படீயா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அவர்கள் இருவரும் என்ன பேசினார்கள் என்பதை நான் எழுத முடியாது, எழுதவும் கூடாது.

நீதிபதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அமெரிக்க மாநில நீதிபதிகள் என்றால் வெளியே இருப்பவர்களுக்குத் தெரிவது சில பெயர்கள்தான். கலிபோர்னியத் தலைமை நீதிபதியாக இருந்த ரோஸ் பேர்டை, மரண தண்டனைத் தீர்ப்புகளுக்காக 1986இல் வாக்காளர்கள் வீட்டுக்கு அனுப்பினார்கள். பாலியல் வன்தாக்குதல் வழக்கில் ஒரு பல்கலைக்கழக மாணவனுக்கு ஆறு மாதச் சிறை மட்டும் விதித்ததற்காக ஆரன் பெர்ஸ்கி 2018இல், பதவிக்காலம் முடியும் முன்பே திரும்ப அழைக்கும் வாக்கெடுப்பில் பதவியிழந்தார். 1932க்குப் பிறகு இந்த மாநிலத்தில் அப்படிப் பதவியிழந்த முதல் நீதிபதி அவர். நான் சொல்லும் நீதிபதியின் பெயர் வாக்குச்சீட்டில் வந்ததே இல்லை. ஆறு வருடத்துக்கு ஒருமுறை தேர்தல் உண்டு. எதிர்த்து யாரும் நிற்காவிட்டால் பெயரைச் சீட்டில் அச்சிடவே மாட்டார்கள். ஏழைகளுக்கு வாதாடும் அரசு வழக்கறிஞராக இருந்தவர், தொண்ணூறுகளில் ஆளுநர் நியமனத்தில் முனிசிபல் கோர்ட்டுக்கு வந்தார். 1998இல் மக்கள் வாக்களித்த சட்டத் திருத்தத்தால் முனிசிபல் கோர்ட்டுகள் சுப்பீரியர் கோர்ட்டுகளோடு இணையத் தொடங்கியபோது, அதே நாற்காலியில் உட்கார்ந்தபடியே சுப்பீரியர் கோர்ட் நீதிபதியானார். பெயரைப் பார்த்து நம் உயர் நீதிமன்றத்தை நினைத்துவிட வேண்டாம். இது முதல் விசாரணை நடக்கும் இடம். குடித்துவிட்டு ஓட்டியவர், கடையில் திருடியவர், பக்கத்து வீட்டுக்காரரை அடித்தவர் எல்லோரும் வருவது இங்கேதான்.

ஆக, அந்த மனிதரின் பணிக்காலம் என்பது பெரும்பாலும் "புரிகிறதா?" என்ற ஒரே கேள்வி. ஒரு காலைப் பட்டியலில் 40 வழக்குகள் இருக்கும். ஒவ்வொருவரிடமும் அதைக் கேட்டார், கேட்டுவிட்டு முகத்தைப் பார்த்தார். எதிரில் நிற்பவரைப் பார்க்காமல் காகிதத்தைப் பார்த்தே கேட்கும் நீதிபதிகளிடமும் நான் வேலை செய்திருக்கிறேன். இவர் பார்த்ததால்தான் அந்தத் தலையாட்டல் அவர் கண்ணில் பட்டது. அவர் செய்ய வேண்டியதைச் செய்தார் என்றே நினைக்கிறேன். சில நாள் மட்டும், "அவரையே அவர் வார்த்தையில் திருப்பிச் சொல்லச் சொல்லியிருக்கலாமே" என்று அவர்மீதும் கொஞ்சம் கோபம் வரும். உடனே, பாரத்தை இறக்கி வைக்க இடம் தேடுகிறேனோ என்று தோன்றும்.

2019இல் அவருக்குப் பிரிவு விழா நடந்தது. அன்றைக்கு எனக்கு வேறொரு மாடியில் வழக்கு. முடித்துவிட்டுப் போய்க் கடைசி வரிசையில் நின்றேன். கை குலுக்கும்போது அவர் சொன்னார்: "நான் கேட்ட ஒரு கேள்விக்கு நீங்கள் பதிலே சொல்லவில்லை." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அந்த வழக்கையா நினைத்துச் சொன்னார், அல்லது மொழிபெயர்ப்பாளர்கள் எல்லோரிடமும் சொல்லும் வார்த்தையா, தெரியவில்லை. 'ஓகே' என்று சொல்லியிருக்க வேண்டியதை 'யெஸ்' என்றேன் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். பின்னால் ஆட்கள் நின்றார்கள். வாழ்த்துச் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன்.

2017 ஜனவரியிலிருந்து இங்கே ஒரு சட்டம் நடப்பில் இருக்கிறது. குடியேற்ற விளைவுகளைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல் ஒப்புக்கொண்டவர்கள், தண்டனைக் காலம் முடிந்த பிறகும் வந்து அந்தத் தீர்ப்பை ரத்துசெய்யக் கேட்கலாம். அந்தச் சமையல்காரர் கேட்டால், நீதிமன்றம் முதலில் எடுத்துப் பார்ப்பது அன்றைய பதிவை. சுருக்கெழுத்தர் பதிவுசெய்வது ஆங்கிலத்தை மட்டும்தான். எங்கள் தமிழ் எதுவும் அதில் இருக்காது. தலையாட்டலும் இருக்காது. அந்தப் பக்கத்தில் அவர் பெயருக்கு நேராக, இரண்டு முறை, 'யெஸ்' என்றே இருக்கும்.

அவருக்காக அப்படிக் கேட்கும் ஒரு வக்கீல் என்னைக் கூப்பிடுவார் என்று கொஞ்ச காலம் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். கூப்பிடவில்லை. கூப்பிட்டால் சாட்சிக் கூண்டில் ஏறி, அவர் சொன்னது 'சரிங்கய்யா' என்று சொல்வேன். அதற்கு என்ன பொருள் என்று கேட்பார்கள். அதை ஆங்கிலத்தில் சொல்ல அன்றைக்கு இன்னொரு மொழிபெயர்ப்பாளர் என் பக்கத்தில் நிற்பாரா என்றுகூட யோசித்திருக்கிறேன்.