முதலில் ஒரு கோடு

யாங்கோனில் கணினிப் பட்டப்படிப்பு படிக்கும் என் தங்கை மகனுக்கு இந்தப் பருவத்தில் கணினி வரைகலை அறிமுகப் பாடம் வந்திருக்கிறது. முப்பரிமாண விளையாட்டுகளை எதிர்பார்த்துப் போனவனுக்குத் தொடக்க வாரங்கள் கோடு, வட்டம், நிறம் நிரப்புதல் என்றே கழிந்ததில் ஏமாற்றம். "ஒரே கட்டளையில் கோடு வரைந்து கொடுக்க ஓப்பன்ஜிஎல் என்ற வரைகலை நிரல் நூலகம் இருக்கும்போது இதையெல்லாம் ஏன் மாமா படிக்க வேண்டும்?" என்று கேட்டான். கேள்வி நியாயமானதுதான்; ஆனாலும், பாடத்தை அப்படி அமைத்தவர்கள் செய்ததே சரி என்பது என் கருத்து.

அன்று மாலை வழக்கம்போல் மின்சாரம் போய்விட்டதால், கட்டம் போட்ட கணக்கு நோட்டிலேயே, கோடு வரைய எந்தெந்தக் கட்டங்களை நிரப்புவது என்று சொல்லும் பிரெசன்ஹாம் முறையைப் போட்டுப் பார்த்தோம். சுழியத்தில் தொடங்கி, வலப்புறம் 7 கட்டமும் மேலே 3 கட்டமும் தள்ளியுள்ள புள்ளியில் முடியும் கோடு அது. ஒவ்வொரு கட்டத்துக்கும் உயரம் ஏழில் மூன்று பங்கு கூட வேண்டும். திரையின் புள்ளியான பிக்சலிலோ பின்னத்துக்கு இடமில்லை. எனவே உயரத்தின் இருமடங்கிலிருந்து அகலத்தைக் கழித்து, −1 என்ற எண்ணுடன் தொடங்குகிறோம். எண் எதிர்மறையாக இருந்தால் அதே வரிசையில் நகர்ந்து 6 கூட்ட வேண்டும். இல்லையென்றால் ஒரு வரிசை மேலேறி 8 கழிக்க வேண்டும். −1, 5, −3, 3, −5, 1, −7 என்று எண்கள் மாறி மாறி வர, வரிசைக்கு இரண்டு கட்டமாகக் கோடு படியேறியது. பெருக்கலும் வகுத்தலும் இல்லாமல், வெறும் கூட்டல் கழித்தலிலேயே வேலை முடிந்தது.

ஜாக் பிரெசன்ஹாம் 1962-இல் ஐபிஎம் நிறுவனத்தில் இதை உருவாக்கியது திரைக்காக அல்ல, பேனாவால் காகிதத்தில் வரையும் பிளாட்டர் கருவிக்காக. 1965-இல் அது கட்டுரையாக வெளிவந்தது. பழைய சரக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. இன்றைய வரைகலைச் சில்லுகளும் ஒரு பிக்சல் முக்கோணத்துக்கு உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்பதை, மூன்று பக்கங்களுக்கும் கணக்கிட்ட எண்களின் குறியைப் பார்த்தே தீர்மானிக்கின்றன. எது முன்னால், எது பின்னால் என்பதை ஒவ்வொரு பிக்சலுக்கும் ஆழ எண்ணை வைத்து முடிவு செய்யும் இசட் பஃபரும் அதன் மேல்தான் அமர்கிறது.

இந்தப் பாடத்தில் மாணவர்கள் உண்மையில் திணறும் இடம், பொருளைச் சுழற்றவும் நகர்த்தவும் பயன்படும் எண் அட்டவணைகளான அணிகள்தான். ஒரு பொருளைச் சுழற்றிவிட்டு நகர்த்துவதும், நகர்த்திவிட்டுச் சுழற்றுவதும் ஒன்றல்ல. இரண்டாவதில் பொருள் தன்னிடத்தில் சுழலாமல் ஆதிப்புள்ளியைச் சுற்றி வந்துவிடும். நகர்த்தலை மூன்றுக்கு மூன்று அணியால் சொல்ல முடியாததால்தான் எக்ஸ், ஒய், இசட் என்ற மூன்று ஆயங்களோடு (இடத்தைக் குறிக்கும் எண்களோடு) நான்காவது ஆயம் சேர்கிறது என்பதைப் பல விரிவுரைகள் ஒரே வரியில் தாண்டிவிடுகின்றன; அங்கேதான் ஒரு வாரமாவது நிற்க வேண்டும்.

இப்போது அவன், அகலத்தைவிட உயரம் அதிகமான கோடுகளுக்கு எக்ஸ், ஒய் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டுக்கொண்டிருக்கிறான். வட்டம் இன்னும் பாக்கி இருக்கிறது.