நடுவயதில் குடிக்க ஒரு சிவப்பு ஒயின்

பிரெஞ்சுச் சிவப்பு ஒயின் என்றாலே இருபது வருடம் நிலவறையில் கிடந்தால்தான் ருசி ஏறும் என்று நம்மில் பலர் நம்புகிறோம். உண்மையில் பெரும்பாலானவை வாங்கிய ஒன்றிரண்டு வருடத்தில் குடித்துத் தீர்க்கவே செய்யப்படுகின்றன. எனக்குப் பிடித்தது இரண்டுக்கும் நடுவில், அறுவடையிலிருந்து ஐந்து முதல் பத்து வருடத்துக்குள் திறக்கிற ரகம். வாடகை வீட்டில் இருப்பவன் அதற்கு மேல் எங்கே வைத்துக் காப்பாற்றுவது?

நண்பர்கள் சேர்ந்து 2019 அறுவடையில் நான்கை எடுத்து, பாட்டிலில் காகிதம் சுற்றி, எது எதுவென்று தெரியாமல் ருசித்தோம். போர்தோவின் மெதோக், லுவார் பக்கத்து ஷினோன், பொஜொலேயின் மோர்கோன், தெற்கு ரோனின் ஜிகொந்தாஸ். எல்லாம் பிரான்சில் ஒயின் விளையும் இடங்கள்; இடத்தின் பெயர்தான் ஒயினுக்கும்.

மெதோக்கில் கபெர்னே சோவினியோன் திராட்சை தூக்கல். கசப்பில்லை, ஆனால் நாவற்பழம் தின்றதுபோல ஈறெல்லாம் இழுத்துப் பிடித்தது. திராட்சைத் தோலிலும் விதையிலும் இருந்து வரும் டானின் செய்கிற வேலை அது; வருடம் போகப் போக மட்டுப்படும். ஜிகொந்தாஸ், கிரெனாஷ் திராட்சை, முதல் வாயில் எல்லோரையும் மயக்கியது, மிளகு, காய்ந்த மூலிகை, கனிந்த பழம் எல்லாம் இருந்தது, ஆனால் இரண்டாவது கிளாஸிலேயே சாராயச் சூடு தொண்டையில் ஏறிவிட்டது. ஆட்டுக்கறி இல்லாமல் அதைத் தொடாதீர்கள்.

என்னைக் கட்டிப்போட்டது மோர்கோன்தான். அதிலிருக்கும் காமே திராட்சையை 1395-இலேயே பர்கண்டிப் பிரபு துணிச்சல்கார ஃபிலிப் பிடுங்கி எறியச் சொன்னார்; இன்றைக்கும் பொஜொலே என்றால் நவம்பர் மூன்றாம் வியாழக்கிழமை விற்பனைக்கு வரும் புது ஒயின்தான் பலருக்கு நினைவு. ஆனால் அங்கே தனிப்பெயர் பெற்ற பத்து ஊர்ப்பகுதிகளின் கதை வேறு. மோர்கோனில் கோத் து பி என்ற குன்றுச் சரிவில், நீல நிறப் பாறை உதிர்ந்த மண்ணில் விளைவது சில வருடம் தாங்கும்; செர்ரி வாசனை அடங்கி, ஈரமண்ணும் பழைய தோலும் கலந்த ஒரு மணம் வந்திருந்தது, இரண்டு பேர் பர்கண்டியின் பினோ நுவார் திராட்சை ஒயின் என்றே சத்தியம் செய்தார்கள்.

ஷினோன் வாங்கும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: தோட்டம் எங்கே? வியென் ஆற்றோர மணலிலும் கூழாங்கல்லிலும் விளைந்ததைச் சீக்கிரம் குடித்துவிடலாம், சுண்ணாம்புச் சரிவில் விளைந்ததை வைத்திருக்கலாம். எங்களுடையது சரிவில் விளைந்தது. ஷினோனின் திராட்சையான கபெர்னே ஃப்ராங் சரியாகப் பழுக்காத வருடங்களில் குடைமிளகாய் நாற்றம் அடிக்கும், 2019 வெயிலில் அது வெறும் சாடையாக நின்று, பென்சில் சீவிய வாசனையும் நல்ல புளிப்பும் தெரிந்தன.

அப்புறம், நான்கிலும் பாதியை வைத்து, தக்கையை அடைத்து, மறுநாள் சாயங்காலம் மறுபடி ருசித்தோம். ஒயினுக்கு இன்னும் ஆயுள் இருக்கிறதா என்று பார்க்க எனக்குத் தெரிந்த மலிவான வழி இதுதான். ஜிகொந்தாஸ் தொய்ந்துவிட்டது, மோர்கோன் அப்படியே, ஷினோன் முந்தின நாளைவிட மேல். மெதோக் அப்போதுதான் வாயைத் திறந்தது. அதில் இன்னொரு பாட்டில் இருக்கிறது, 2028 வரை தொடப்போவதில்லை.