ஊறுகாய்ப் புல்: குழியில் விட்டதை டிரம்மில் பிடித்தேன்

சென்னிமலைப் பக்கம் கீழ்பவானி வாய்க்கால் பாசனத்தில் எங்கள் தோட்டம். கட்டுத்தரையில் நான்கு கறவை மாடுகள். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால் கோ-5 கம்பு நேப்பியர் தீவனப்புல் தலைக்கு மேல் நிற்கும். மாடுகள் தின்று தீராது. பங்குனி, சித்திரையில் அதே மாடுகளுக்கு வெறும் சோளத்தட்டுதான். பாலும் கண்ணெதிரே இறங்கும். மிஞ்சுகிற புல்லைக் காற்றுப் புகாமல் மூடிப் புளிக்க வைத்து ஊறுகாய், அதாவது சைலேஜ், போட்டு வைக்கலாம் என்று இறங்கியது அதனால்தான்.

முதல் வருடம் எட்டடி நீளம், ஐந்தடி அகலம், நாலடி ஆழத்தில் குழி வெட்டினேன். ஐப்பசி மழையில், ஈரம் சொட்டச் சொட்ட அறுத்த புல்லை அப்படியே நறுக்கிப் போட்டு மிதித்துத் தார்ப்பாய் மூடினேன். பங்குனியில் திறந்தபோது அடியில் கறுப்புத் தண்ணீர், கெட்டுப்போன வெண்ணெய் நாற்றம். மேலே பரவாயில்லாமல் இருந்ததும் இரண்டு மூன்று நாளில் சூடேறிப் பூஞ்சை பிடித்தது. "இதை மாட்டுக்குப் போட்றாத சாமி" என்று அம்மா சொன்னார். முழுவதும் குப்பைக்குழிக்குப் போனது.

இரண்டு தப்பு நடந்திருந்தது. பச்சை நேப்பியரில் நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் தண்ணீர். சைலேஜுக்கு 65 முதல் 70 வரைதான் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் புளிக்க வைக்கும் நல்ல நுண்ணுயிர்களை முந்திக்கொண்டு அழுகவைப்பவை பெருகும். சத்தும் சாறோடு ஒழுகிவிடும். இன்னொன்று, நான்கு மாட்டுக்கு அந்தக் குழி பெரிது. ஒரு நாளைக்கு இரண்டு மூன்று அங்குலம் எடுத்தாலே தீவனம் போதும். வெட்டி எடுத்த பக்கம் முழுக்கக் காற்று பட்டுக்கொண்டே இருக்கும். சின்னப் பண்ணைக்குக் குழி வேண்டாம் என்பது என் முடிவு.

அடுத்த முறை பொங்கல் கழித்து நல்ல வெயிலில் செய்தேன். 45 நாள் புல்லை அறுத்து ஒன்றரை நாள் வயலிலேயே வாட விட்டேன். பிறகு நூறு கிராமை நறுக்கி, தோசைக்கல்லில் சிறு தீயில் கருகாமல் புரட்டி, எடை குறைவது நிற்கும் வரை வைத்தேன். முப்பது கிராம் மிஞ்சினால் சரியான பதம். தினமும் அடுப்புப் பக்கம் போக முடியாதவர்களுக்குக் கைப்பிடிதான் வழி: நறுக்கிய புல்லை அரை நிமிடம் இறுக்கிப் பிடித்து விட வேண்டும். சாறு வழிந்தால் இன்னும் வாட விட வேண்டும். உருண்டை மெதுவாக விரிந்தால் போடலாம். சட்டென்று உதிர்ந்தால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். மிதித்தாலும் காற்று போகாது.

நேப்பியரில் சர்க்கரைச் சத்து குறைவு. நூறு கிலோவுக்கு இரண்டு கிலோ கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரை தூவிக் கலந்தேன். ஓர் அங்குல நறுக்கு. 200 லிட்டர் டிரம் இருபது. ஈரோட்டில் பழைய டிரம் நிறையக் கிடைக்கிறது, ஆனால் சாயமோ ரசாயனமோ இருந்தது என்று தெரிந்தால் விலை எவ்வளவு குறைவானாலும் தொடாதீர்கள். உள்ளே பாலித்தீன் பை போட்டு, அரையடிக்கு ஒருமுறை மிதித்து, ஓரத்தை உலக்கையால் குத்தி, பையைக் கட்டி மூடி வளையத்தை இறுக்கினோம். ஒரு டிரம்முக்கு நூற்றிப் பத்து கிலோ அளவுக்குப் பிடித்தது. ஆரம்பித்த டிரம்மை அன்றைக்கே முடித்துவிட வேண்டும். அப்புறம் 45 நாள் திறக்கவே கூடாது. எனக்குக் கை பரபரத்துக்கொண்டே இருந்தது.

பங்குனியில் முதல் டிரம்மைத் திறந்த காலையை மறக்க முடியாது. பழைய கஞ்சி போல இதமான புளிப்பு வாசனை. நிறம் மஞ்சள் கலந்த பச்சை. இலை வேறு தண்டு வேறாகத் தெரிந்தது, கையில் பிசுபிசுக்கவில்லை. ஒரு பிடியை ஆறிய வெந்நீரில் அரை மணி நேரம் ஊற வைத்து புளிப்பை அளக்கும் பி.எச். தாளை நனைத்தேன், நிறம் நாலுக்குப் பக்கத்தில் நின்றது. 4.2-க்குள் இருந்தால் நல்ல சைலேஜ். ஒரு டிரம்மில் மட்டும் வளையம் சரியாக உட்காராமல் மேலே ஒரு சாண் வெள்ளைப் பூஞ்சை. அந்த டிரம் முழுவதையும் கொட்டிவிட்டேன். பூஞ்சையைத் தள்ளிவிட்டு மீதியைப் போட எனக்கு மனம் ஒப்பவில்லை.

மாடுகள் முதல் நாள் மோந்து பார்த்துவிட்டு விலகின. இரண்டு கிலோவைச் சோளத்தட்டோடு கலந்து வைத்தேன். பத்து நாளில் ஆளுக்குப் பதினைந்து கிலோவரை ஏற்றினேன். கறந்து முடித்த பிறகுதான் போடுவேன். முன்னால் போட்டால் வாசனை பாலில் ஏறும். சித்திரையில் பால் கூடவில்லை. ஆனால் எப்போதும் போல இறங்கவும் இல்லை. அந்த வெயிலில் எங்களுக்கு அதுவே பெரிது.

ஒரு மாதத்துக்கு மேல் ஓடியது. வரும் தையில் முப்பது டிரம் போடப் போகிறேன். வளைந்துபோன வளையங்களை இப்போதே மாற்றிவிட்டேன்.